வேற ஒண்ணும் இல்ல, தம்பி

என் மனைவி ரத்தினம்மாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் சொல்வார்கள். முதலில் சொன்னவன் நான்தான். தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால், எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரர் முகம் சுண்டிய பிறகுதான் பையை நீட்டுவாள். நான் இரண்டு கடை தள்ளி நின்று, அவளைத் தெரியாதவன்போலக் கொத்தமல்லிக் கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பிடோக்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் வேலை பார்த்தவள். சந்தேகம் வந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தி லைனையே நிறுத்தலாம். மேனேஜரே ஓடிவந்து, "ரத்னா, என்ன ப்ராப்ளம்?" என்று கேட்பாராம். நிறுத்தியதில் பாதித் தடவை ஒரு கோளாறும் இருக்காது, ஆனாலும் ஒருத்தரும் திட்டினதில்லை என்பாள். அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் கிடைத்த மரியாதை என் பக்கத்தில் கிடைக்கவில்லை.

என் பெயர் மாணிக்கம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். தெம்பனிஸில் எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்துக்குப் பதினான்கு வருடமாகச் செயலாளர். அது பெரிய பதவி என்று சங்கத்திலேயே நான் ஒருவன்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஆதவன் எங்கள் எதிர் புளோக் இராமசாமியின் மகன். பள்ளியிறுதி 'ஓ' நிலைத் தேர்வில் நன்றாகச் செய்தபோது மேடையேற்றிக் கோப்பை கொடுத்தது எங்கள் சங்கம். எலும்பு மருத்துவராகி, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் சொந்தமாகக் கிளினிக் திறந்தபோது, ஏதோ நானே படிக்கவைத்ததுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவரை அவன் எனக்கு 'அவன்'. பெயர்ப்பலகை மாட்டிய அன்றிலிருந்து 'அவர்'.

போன வருடம் ரத்தினத்துக்கு முட்டி வலி தாங்கமுடியாமல் போனது. அவளுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அதனால் சிறுநீரகம் முப்பது விழுக்காடுதான் வேலை செய்கிறது என்று அரசாங்கப் பாலிகிளினிக்கில் சொல்லி, இரத்தப் பரிசோதனைத் தாளையும் கொடுத்திருந்தார்கள். வலி மாத்திரை எது கொடுத்தாலும் இந்தத் தாளைக் காட்டிக் கேட்காமல் சாப்பிடக்கூடாது என்று அங்கிருந்த தாதி படித்துப் படித்துச் சொன்னார். அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள். முட்டியைப் பார்க்க மருத்துவமனையில் நாள் கிடைக்க மூன்று மாதமாகும் என்றார்கள். எதற்குக் காத்திருக்க வேண்டும், நம்ம பிள்ளை இருக்கிறாரே என்று நான்தான் ஆதவனுக்குப் போன் போட்டேன். மறுநாளே வரச்சொல்லிவிட்டார்.

வெளியே ஆறேழு பேர் உட்கார்ந்திருக்க, எங்களை முதலில் கூப்பிட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முட்டியை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். நடுநடுவே அவர் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது.

"ஆப்பரேஷன் இப்ப வேணாம் ஆண்டி. கொஞ்சம் ஸ்ட்ராங்கான மாத்திரை தர்றேன், ஆறு வாரம் சாப்பிடுங்க. சுகர் இருக்குன்னு தெரியும். வேற ஏதாச்சும் ப்ராப்ளம் இருக்கா?"

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்" என்று ரத்தினம் பையின் ஜிப்பைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறை பாதி வெளியே வந்துவிட்டது. "இந்த மாத்திரை வந்து..."

நான் பையின் மேல் கையை வைத்து அமுக்கினேன்.

"வேற ஒண்ணும் இல்ல, தம்பி. இவ எப்பவும் இப்படித்தான். மீன்காரனையே ஒரு மணி நேரம் குடைவா."

ஆதவன் சிரித்தார். அவர் கண் அந்தத் தாளுக்குப் போனதை நான் பார்த்தேன். தாளிலிருந்து என் கைக்கு வந்தது, என் கையிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போனது. "ஓகே லா அங்கிள்" என்று ஏதோ தட்டினார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். காரணம் கேவலமானது. நமக்காக வரிசையை மாற்றிக் கூப்பிட்ட பிள்ளையிடம், அவருடைய தாதிக்கு முன்னால், உன் மருந்து சரிதானா என்று கேட்பது அவமரியாதையாகப் பட்டது. உட்கார்ந்திருந்தவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்திருந்தால், "கேளு ரத்னா, விடாதே" என்று நானே தூண்டிவிட்டிருப்பேன். நம்மவர் என்பதால்தான் அவள் வாயை அடைத்தேன்.

மருந்துக்கடைக்குப் போயிருந்தால் அங்கேயாவது ஒருவர் கேட்டிருப்பார். இங்கே கிளினிக் முகப்பிலேயே மாத்திரையைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். லிஃப்டில் இறங்கும்போது ரத்தினம் கேட்டாள்.

"ஏங்க கைய வச்சீங்க?"

"நம்ம பிள்ளைய நாமளே சந்தேகப்பட்டா நல்லாவா இருக்கு? படிச்சவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா கேட்டிருப்பாரே" என்றாள். அவ்வளவுதான். எனக்காக அன்று மத்தியானமே முதல் மாத்திரையைச் சாப்பிட்டாள்.

இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது. தேக்காவில் முழுச் சுற்று நடந்தாள். "பார்த்தியா, நம்ம பிள்ளை கைராசி" என்று அவளிடம் சொன்னேன், புளோக்கின் கீழே காப்பிக்கடையில் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

மூன்றாவது வாரம் கால் வீங்கியது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. பாலிகிளினிக்குக்குப் போகலாம் என்றாள். நம்ம பிள்ளையிடம் காட்டிவிட்டு இன்னொரு இடத்துக்குப் போனால் அவர் என்ன நினைப்பார் என்று சொல்லிவிட்டு, ஆதவனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். ஒரு டாக்டரின் சொந்த எண் என் கைபேசியில் இருப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. பதில் வந்தது: "சாப்பாட்டுக்கு அப்புறம் எடுக்கச் சொல்லுங்க அங்கிள்." கூடவே ஒரு கட்டைவிரல் படம். அந்தக் கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிவைத்தாள்.

நான்காவது வாரம், காலை எட்டு மணிக்கு, எங்கள் புளோக் லிஃப்டுக்கு முன்னால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். எங்கள் மகள் இனியா வேலையிலிருந்து ஓடி, அம்மா சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அள்ளிவந்து மருத்துவமனை மேசையில் கொட்டினாள். மருத்துவமனை டாக்டர், சின்னப் பெண், ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்து, ஒன்றை மட்டும் தனியாக எடுத்துவைத்தாள். இதை யார் கொடுத்தது என்று கேட்டாள். நான் பெயரைச் சொன்னேன். முதல் தடவையாக அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னேன்.

சிறுநீரகம் திரும்பவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. ஆயுள் முழுக்க.

இனியா விடவில்லை. கிளினிக்குக்குப் புகார் எழுதினாள். ஒரு புதன்கிழமை எங்களைக் கூப்பிட்டார்கள். நிர்வாகி ஒரு பெண்மணி, பக்கத்தில் ஆதவன். மேசையில் தண்ணீர்ப் புட்டிகள்.

"எனக்கும் வருத்தமா இருக்கு ஆண்டி" என்றார் ஆதவன். "ஆனா நான் கேட்டேன். வேற ப்ராப்ளம் இருக்கான்னு. நோட்ஸ்ல 'இல்லை'ன்னு இருக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்தத் தாள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தால் போதும்: இவள் கேட்கத்தான் வந்தாள், நான் அமுக்கினேன், நீங்கள் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டீர்கள். என் மானமும் போகும், அவர் சொல்வதும் நிற்காது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"அம்மா, நீங்க சொன்னீங்களா, இல்லையா?" என்றாள் இனியா.

ரத்தினம் புட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தாள்.

"சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

நிர்வாகி அதை எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில், அனுதாபத்தோடு தொடங்கி அனுதாபத்தோடு முடிகிற கடிதம் ஒன்று வந்தது. நடுவில், நோயாளி தன் நிலையைத் தெரிவிக்கவில்லை என்று இருந்தது.

அந்தப் புதன்கிழமை, கிளினிக் லிஃப்டில் இறங்கும்போது இனியா அழுதுவிட்டாள். "எப்படிம்மா மறப்பீங்க? மீனுக்கு அத்தனை கேள்வி கேக்கத் தெரியுது, இதுக்கு வாய் இல்லையா?" ரத்தினம் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். லிஃப்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். மகளிடம் திட்டு வாங்கவேண்டியவன் நான். அவள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு, தரைத்தளம் எப்போது வரும் என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்து, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்க சொல்வீங்கன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன்" என்றாள். அப்புறம் அரிசி களையப் போய்விட்டாள்.

ஆறு மாதம் கழித்துச் சங்கத்தில் சுகாதாரக் கூட்டம். லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபம், ஞாயிறு மாலை. தலைப்பு: 'டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.' பேச்சாளர் டாக்டர் ஆதவன் என்று தலைவர் ஹனீபா முடிவு செய்துவிட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்பதைச் சொல்ல வக்கில்லாமல், பொன்னாடையை நானே போய் வாங்கி வந்தேன்.

"நானும் வர்றேன்" என்றாள் ரத்தினம். இடது கையில் ஊசி போட்ட கட்டு தெரியாமலிருக்க நீளக் கை ரவிக்கை போட்டுக்கொண்டாள். அம்மாவைத் தனியாக விடமாட்டேன் என்று இனியாவும் வந்தாள்.

ஆதவன் நன்றாகத்தான் பேசினார். கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்படாதீர்கள், மற்ற மருத்துவர் கொடுத்த தாள்களைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். நூற்றைம்பது பேரும் தலையாட்டினார்கள். மேடையோரம் நின்று நானும் ஆட்டினேன். ஒரு மணி நேரம் அவர் ரத்தினம் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

கேள்வி நேரம் வந்தது. கம்பியில்லா மைக்கை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவது என் வேலை. முதலில் கை தூக்கியவள் ரத்தினம். நான் பார்க்காததுபோல எதிர்ப்பக்கம் போனேன். ஒருவர் தோள் வலி கேட்டார். அவள் கையை இறக்கவில்லை. இன்னொருவர் யோகா கேட்டார். அப்போதும் இறக்கவில்லை. "செயலாளரே, உங்க வீட்டம்மா ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்காங்க, குடுங்க!" என்று ஹனீபா மேடையிலிருந்து சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"டாக்டர், எனக்கு சுகர் இருக்கு. கிட்னி முப்பது பர்சென்ட்தான் வேலை செய்யுதுன்னு பாலிகிளினிக்ல பேப்பர் குடுத்திருக்காங்க. முட்டி வலிக்கு நீங்க குடுக்கற மாத்திரைய நான் சாப்பிடலாமா?"

ஆதவன் தோளிலிருந்த பொன்னாடை சரிந்தது. அதைப் பிடித்தார்.

"கூடாது ஆண்டி" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "கிட்னி வீக்கா இருக்கறவங்க அந்த மாத்திரையத் தொடவே கூடாது."

"தேங்க்ஸ், டாக்டர்."

கைதட்டல் எழுந்தது. நல்ல கேள்வி, எல்லாருக்கும் பயன்படும் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

ரத்தினம் உட்கார்ந்து மைக்கை என்னிடம் நீட்டினாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கேக்கறதுக்குப் பத்து செகண்ட்கூட ஆகலங்க."

மைக் என் கையில் இருந்தது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நூற்றைம்பது பேர் இருந்தார்கள். இனியா மூன்றாம் வரிசையில் தலையைத் திருப்பி அம்மாவை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் இன்னொருவர் கை தூக்கினார். நான் போய் மைக்கை அவரிடம் கொடுத்தேன்.