ஐந்து நாள் வாரம்

வொனோகிரி பஸ் கம்பெனி ஆபீஸில் வினார்னியின் திரையில் ஏழு தூண்கள் நின்றன. திங்கள் முதல் ஞாயிறு வரை, பராங்கான் போகும் விடியற்கால பஸ்ஸில் ஏறியவர்களின் சராசரி. ஏழும் ஒரே உயரம். முப்பது சீட்டு பஸ்ஸில் பதினாலு பேர்.

"எந்த நாளும் பாதி காலி. அடுத்த மாசத்தோட நிறுத்திடலாம், இபு" என்று மரியாதை குறையாமல் சொன்னார் புது மேனேஜர் யுதிஸ்திரா. ஜகார்த்தாவில் வளர்ந்த பிள்ளை. புது சாஃப்ட்வேரும் அவர் கொண்டுவந்ததுதான். புரோகிராம் எழுதவே தெரியவேண்டாம். தலைப்பைப் பிடித்து இழுத்து ஒரு கட்டத்தில் போட்டால் அட்டவணை, பக்கத்துக் கட்டத்தில் போட்டால் சார்ட். தக்காளி பொறுக்குவதை விடச் சுலபம்.

அந்த பஸ்ஸில்தான் வினார்னியின் அம்மா, வாழையிலையில் கட்டிய தெம்பே சோயாக்கட்டிக் கூடைகளோடு பராங்கான் சந்தைக்குப் போவாள். மடியில் வினார்னி, வாழையிலை வாசனையிலேயே தூங்கிப்போவாள். அம்மா போய்ப் பதினோரு வருஷம். பஸ்ஸும் போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

டிரைவர் பொனிடி காப்பி டம்ளரோடு திரையை எட்டிப் பார்த்தார். "பேரு யுதிஸ்திரா, என் பஸ்ஸைப் பணயம் வெச்சு ஆடுறாரு! இது என்ன படம் இபு? சந்தை நாள்ல கூரை மேலயும் கூடை. மத்த நாள்ல நானும் கண்டக்டரும் சீட்டாடிக்கிட்டு வர்றோம். ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கலக்கினா?"

வினார்னி தலையில் அடித்துக்கொண்டாள். லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவொன். ஜாவாவில் சந்தைக் கணக்குக்கு வாரம் என்றால் இந்த ஐந்தே நாள்; ஒவ்வொரு ஊர்ச் சந்தையும் அதில் ஒரு நாள் கூடும். அந்த வாரம் ஏழு நாள் வாரத்தோடு ஒட்டாமல் தன்பாட்டுக்குச் சுற்றும். போன் நாளில் பிறந்ததால்தானே இந்த மனிதருக்கே பொனிடி என்று பெயர்!

அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தாள். நிச்சயமாகத் தெரிந்த ஒரு தேதியிலிருந்து ஐந்தைந்தாக எண்ண வேண்டும். தன் பிறந்த தேதியையே போட்டாள். அவள் க்லிவொன் பிள்ளை என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். பத்தியை இழுத்து சார்ட்டில் விட்டாள். நாலு தூண் குட்டை; ஐந்தாவது, க்லிவொன், தென்னைமரமாக எழுந்தது.

"க்லிவொனா?" பொனிடி சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. "பராங்கான் சந்தை வாகேல இபு! க்லிவொன் அன்னிக்கு அங்க நாய்தான் படுத்திருக்கும்."

"என் பொறந்தநாளை வெச்சு எண்ணினேன், பாக். தப்பே வராது."

"எத்தனை மணிக்குப் பொறந்தீங்க?"

"விளக்கு வெச்சப்புறம்னு அம்மா சொல்லுவாங்க."

"அதானே! சூரியன் விழுந்தா நமக்கு மறுநாள் பொறந்தாச்சு. சர்டிபிகேட்டு எழுதினவனுக்கு நடுராத்திரி வரைக்கும் பழைய நாள்தான். நீங்க க்லிவொன், அந்தத் தேதி வாகே. உங்கம்மா நிறைமாச வயித்தோட சந்தைக்குப் போயிட்டு வந்துல்ல பெத்திருக்காங்க!"

அம்மா ஒரு சந்தை நாளையும் விட்டதில்லை. அன்றைக்கும் விட்டிருக்கமாட்டாள். அப்படியானால் மடியில் ஏறுவதற்கு முன்பே இவள் அந்த பஸ்ஸில் போயிருக்கிறாள்.

வினார்னி தன் பிறந்த தேதியை வாகே என்று மாற்றிப் போட்டாள். வாகே, முப்பத்து நாலு. மற்றவை, ஒன்பது ஒன்பது.

யுதிஸ்திரா திரையை உற்றுப் பார்த்தார். "வாகேயா? சாஃப்ட்வேர்ல அப்படி ஒரு நாளே இல்லியே."

"சாஃப்ட்வேர்ல இல்ல மாஸ், சந்தையில இருக்கு. அஞ்சு நாளைக்கு மூணு நாள் விடுங்க."

"ஒண்ணு."

"சரக்கு முந்தின நாளே போகணும். சந்தை முடிஞ்சவங்க மறுநாள் திரும்பணும்."

"திரும்புறவங்க மத்தியான பஸ்ஸுல வரட்டும். போன், வாகே. ரெண்டு. அதுக்கு மேல கேக்காதீங்க, இபு."

வினார்னி தலையாட்டினாள். வருஷம் முழுவதற்குமான போன், வாகே தேதிகளை அட்டவணையாக எடுத்து அச்சுக்கு அனுப்பினாள். பஸ் பிழைத்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அம்மாவாக இருந்தால் மூன்று நாளும் வாங்கி, கொசுறாக ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பாள்.