ஆற்றுக்கு அளவெடுத்தவர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பின்னால் தெரிந்து முகம் சுளிப்பதைவிட நீங்கள் இப்போதே சுளித்துக்கொள்வது நல்லது. என் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். போன வாரம் என் பழைய தொகுப்பின் தாள்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இதைச் சொன்னார். பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிற ஒருவர், முதல் முறையாக ஒரு பிழையைத் தெரிந்தே விட்டுவைத்த கதை. என் தேநீர் ஆறிப்போனதை அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க சார். ஆனா மெய்ப்பு நான்தான் பார்ப்பேன்” என்றார்.

ஆகவே, கீழே நட்சத்திரக் குறியோடு வருகிறவை எல்லாம் அவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியவை. எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் மிஞ்சுவது என் நடை மட்டும்தான். அதை நம்பி யாரையும் உட்கார வைக்க முடியாது.

2

முதல் தொடக்கம்: [அன்று ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த அமைதிக்குப் பின்னால் —]

* அமைதி எங்க சார்? மண் லாரி சத்தத்துல பேசுறதே கேக்கல.

இரண்டாம் தொடக்கம்: [புவி வெப்பமாதல் இன்று உலகையே அச்சுறுத்தும் —]

* இது கட்டுரைப் போட்டி.

சரி. அவருக்கு அச்சகத்தில் வைத்திருக்கிற பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒற்றம்மா. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் விட்டுப்போன க், ச், த், ப் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் போட்டுவிடுவார். திருமண அழைப்பிதழ் என்றும் பார்க்கமாட்டார், இரங்கல் செய்தி என்றும் பார்க்கமாட்டார். அச்சகத்தின் மாடியில், ஜன்னல் ஓரம், ஒரு கால் ஆடுகிற மேசை. ஆடுகிற காலுக்கு அடியில் என் முதல் நாவலின் விற்காத பிரதி.

* இதை எடுத்துடுங்க சார், பாவம்.

இருக்கட்டும்.

அந்த அச்சகத்திலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வருகிறது. உள்ளாட்சித் தேர்தல் வந்ததும் அதன் ஆசிரியருக்கு ஓர் ஆசை. சாலை, சாக்கடை என்று வழக்கமாகக் கேட்பதை விட்டுவிட்டு, சுற்றுச்சூழலைப் பற்றி ஏழாம் வார்டு வேட்பாளர்கள் நான்கு பேரையும் கேட்டு ஒரு முழுப்பக்கம் போடவேண்டும். எங்கோ வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்த ஒரு கேள்வியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, படிவம் அடித்து அனுப்பினார்.

காலநிலை மாற்றத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

அதற்கும் மெய்ப்புப் பார்த்தவர் ஒற்றம்மாதான். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது. அனுப்பிவிட்டார்.

3

பதில்கள் வந்தன. தேர்தல் நேரத்தில் ஒரு மனிதரைப் பார்த்து எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்?

மருந்துக்கடைக்காரர்: ஏழாம் வார்டில் நிற்கிறேன்.

ஒப்பந்தக்காரர்: என்றும் மக்கள் பக்கமே நிற்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: தனித்து நிற்கிறேன்.

பத்திரிகை ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான்காவது படிவம் பாலத்தை ஒட்டித் தையல்கடை வைத்திருக்கிற அம்மாவுடையது. ஊருக்கு அவர் தையலக்கா. அவருடைய பதில் இது:

பாலத்தின் மூன்றாம் தூணில் நிற்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் தண்ணீர் முழங்கால். போன வருடம் தோள். சதுப்பை மூடினால், அதற்கு மேல் அளவெடுக்க என்னிடம் உடம்பு இல்லை.

ஆசிரியர் இதை இரண்டு தடவை படித்துவிட்டு, “இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?” என்றார். பிறகு கேள்வியைத் திருத்தினார். ‘காலநிலை மாற்றம் குறித்து உங்கள் நிலைப்பாடு என்ன?’ இப்போது எல்லாம் சரி. மற்ற மூவரையும் தொலைபேசியில் பிடித்துப் புதுப் பதில் வாங்கினார். மூவரும் மரம் நடுவதாகச் சொன்னார்கள். தையலக்கா எடுத்தார், “அதான் எழுதிட்டேனே” என்றார், வைத்துவிட்டார். அவர் பெயருக்கு நேரே ‘பதில் இல்லை’ என்று போடச் சொன்னார் ஆசிரியர்.

(சதுப்பு என்றது ஊருக்கு மேற்கே ஆற்றை ஒட்டிக் கிடக்கிற ஈரநிலம். மழைத்தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். நான்கு வருடமாக அதில் மண் கொட்டி லாரி நிறுத்தம் கட்டுகிறார்கள். பாதி மூடியாயிற்று. மீதியை மூடலாமா என்பதற்குப் புதிதாக வருகிற மன்றம்தான் கை தூக்கவேண்டும். கொட்டுகிற லாரிகள் யாருடையவை என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மக்கள் பக்கம் நிற்கிறவர்.)

4

தையலக்காவை எனக்கு நம்ப முடியவில்லை. எழுத எழுத அவர் ரொம்ப நல்லவராக, அகல்விளக்கு மாதிரி ஆகிக்கொண்டே போனார். இப்படி ஒரு வேட்பாளர் உண்டா?

* நல்லவங்கன்னு யார் சொன்னது? என் சட்டையை ரெண்டு வாரம் இழுத்தடிச்சாங்க. கேட்டா சண்டைக்கு வருவாங்க.

இப்போது நம்பிக்கை வருகிறது.

செவ்வாய்க்கிழமை காலை, ஒழுங்கான பதில் ஒன்றை வாங்கிவரலாம் என்று ஒற்றம்மா தானாகவே கிளம்பிப் போனார். ‘பதில் இல்லை’ என்பதை அச்சில் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை, பதில் இருந்ததே. தையலக்கா தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தாமல், “நீங்க படிச்சவங்க. அந்தத் தூணைப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“பாலத்துல தினமும் போறேன்.”

“மேல போவீங்க. அடியில?”

அடியில் போனதில்லை. யார் போவார்கள்?

இரண்டு பேரும் கரையிறங்கினார்கள். ஆறு கணுக்கால் ஆழத்துக்கு, வெட்கப்பட்டதுபோல ஓர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தூண் தரையில் நிற்கிறது. வெள்ளம் வடிந்ததும் ஒவ்வொரு வருடமும் தையலக்கா இங்கே வந்து, சேறு விட்டுப்போன கோட்டை நாடாவால் அளந்து, அது அழியுமுன் வெள்ளைப் பெயின்ட்டால் தீட்டிவிடுவார். தூணில் முதுகை ஒட்டி நின்று, கோடு தன் உடம்பில் எங்கே வருகிறது என்றும் பார்த்துக்கொள்வார். ஏழு கோடுகள்.

ஒற்றம்மா தூணில் முதுகை வைத்து நின்றார். தையலக்காவைவிட இரண்டு அங்குலம் குள்ளம். மேல் கோடு அவர் தாடையைத் தொட்டது.

இந்த இடத்தில் நான் மூன்று பக்கம் எழுதினேன். [பிரபஞ்சத்தின் பேரமைதி —] [அவள் உள்ளத்தில் ஏதோ —] எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் என் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே தருகிறேன்.

“பயம் வரல சார். பயத்துக்கு முன்னாடி ஒண்ணு வரும்ல, அது வந்துச்சு. காலுக்குப் பக்கத்துல இத்தனூண்டு தண்ணி. அதுதான் இங்க வந்து நின்னிருக்கு. அத்தனை ஆர்ப்பாட்டமா வந்தது, போறப்ப இழுத்துட்டுப் போன கோடு எவ்ளோ நேரா இருக்கு தெரியுமா? அளவுகோல் வெச்சாலும் நமக்கு அப்படி வராது. பத்தொன்பது வருஷத்துல திருத்தறதுக்கு ஒண்ணுமே இல்லாத ஒரு வரியை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.”

அப்படி ஒரு வரி எனக்கு வந்ததே இல்லை. எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டு நாற்பது வருடம் பேனா பிடித்திருக்கிறேன்.

கடைக்குத் திரும்பியதும் தையலக்கா அளவு நோட்டை எடுத்துக் காட்டினார். கை, கழுத்து, மார்பு என்று ஊர்க்காரர்கள் அளவெல்லாம் இருக்கிற அதே நோட்டு. நடுவில் ஒரு பக்கம். பெயர்: ஆறு. முழங்கால். அடுத்த வருடம் தொடை. அதற்கடுத்த வருடம் கொஞ்சம் இறங்கி மறுபடி முழங்கால். மண் கொட்ட ஆரம்பித்த வருடத்திலிருந்து இறங்கவே இல்லை. இடுப்பு, வயிறு, மார்பு, தோள்.

“ஆள் வளர்ந்தா சட்டையைப் பெரிசாத் தைக்கலாம்” என்றார் தையலக்கா. “இதுக்கு என்னத்தத் தைக்கிறது?” பிறகு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டார்: “உங்க மாமனார் கட்டில் எவ்ளோ உயரம்?”

ஒற்றம்மாவின் வீடு அந்தத் தெருவில்தான், தரைத்தளம். மாமனார் எழுந்து நடமாட்டம் இல்லாமல் மூன்று வருடம் ஆகிறது. தூக்க நான்கு ஆள் வேண்டும். வீட்டுக்காரர் தொலைதூர வண்டி ஓட்டுகிறவர், போன வெள்ளத்தில் எங்கோ நடுவழியில் இருந்தார். அன்று மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றம்மா கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஏறி, கட்டிலுக்கு நாலு விரல் கீழே நின்றதைச் சொன்னார்.

“நாலு விரல்னா மூணு அங்குலம்” என்றார் தையலக்கா. “முந்தின வருஷத்துக்கும் போன வருஷத்துக்கும் ஆத்துத் தண்ணி ஏறினது ஏழு அங்குலம்.”

ஒற்றம்மா கணக்கில் சுமார்தான். இதற்கு அதுவே போதுமாக இருந்தது.

5

மெய்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. அடித்த வரி மறுபடி வேண்டும் என்றால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார்கள்.

அன்று பிற்பகல் பக்கம் தயாராகி மேசைக்கு வந்தது. திருத்திய கேள்வி, மூன்று மரம் நடுதல், ஒரு ‘பதில் இல்லை’. ஒற்றம்மா பழைய கேள்வியும் பதில்களும் இருந்த முதல் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டார். ஆசிரியர் அடித்திருந்த பழைய கேள்விக்கு அடியில் புள்ளி வைத்தார். பழைய பதில்கள் நான்குக்கும் வைத்தார்.

ஆசிரியர் பார்த்துவிட்டு, “அம்மா, பிழைன்னு தெரிஞ்சேவா?” என்றார்.

“தெரிஞ்சேதான் சார்.”

“ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் நாலாவதைப் படிப்பாங்க.”

“கேள்வியே தப்பும்மா!”

“தப்பா கேட்டதாலதான் சார் ஒருத்தர் உண்மையச் சொல்லியிருக்காங்க. சரியா கேட்டீங்க, எல்லாரும் மரம் நட்டுட்டாங்க.” கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தின்மேல் வைத்தார். “பத்தொன்பது வருஷத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல.”

ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

* போட்டுட்டு, “ஒரு ஒற்று விட்டிருக்கீங்க”ன்னு காட்டினார் சார். நெஜமாவே விட்டிருந்தேன்.

6

முடிவு.

[தையலக்கா வென்றார். மன்றத்தில் நாடாவோடு எழுந்து நின்று —]

* தேர்தலே இன்னும் வரல. வர்ற ஞாயிற்றுக்கிழமை.

[தையலக்கா பதினோரு வாக்கில் தோற்றார். மறுநாள் வழக்கம்போலக் கடை —]

* வாய் வைக்காதீங்க சார்.

[அந்த வருட மழையில், கட்டிலை —]

இதை நானே நிறுத்திவிட்டேன். எழுத வரவில்லை. மெய்ப்பில் இந்த இடத்தில் குறிப்பு ஒன்றும் இல்லை. பென்சில் ஊன்றி எடுத்த ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கிறது.

நடந்தவரைக்கும் சொல்கிறேன். அன்று வீட்டுக்குப் போன ஒற்றம்மா, தெருவில் நான்கு பேரைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்தார். மாமனார் கட்டிலோடு மேலெழும்பியதும், “என்னம்மா, என்னை மேல அனுப்பப் பாக்குறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒற்றம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே உள்ளே போய் அழுதார். இரண்டு செங்கல் ஆறு அங்குலம்தான். அடுத்த வருடத்துக்குப் போதும், அதற்கடுத்த வருடத்துக்குப் போதாது.

நானும் அதே வார்டுதான். வாக்கு இருக்கிறது, இதுவரை போய்ப் போட்டதில்லை. கதையை இங்கே நிறுத்திவிட்டு, அச்சகத்தில் மிஞ்சியதென்று ஒற்றம்மா தந்திருந்த காலிப் படிவம் ஒன்றை எடுத்து நேர்மையாக நிரப்பினேன்: இரண்டாவது மாடியில் நிற்கிறேன்.

* உங்க வீட்டுப் படிக்கட்டு எங்க சார் ஆரம்பிக்குது?

கீழேதான் ஆரம்பிக்கிறது. என் பதிலை அடித்துவிட்டேன். படிவத்தை உங்களிடம் தருகிறேன், கடைசி வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

காலநிலை மாற்றத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

. . . . . . . . . . . . . . . . . . . . . . . .

* புள்ளியை எடுத்துடாதீங்க. இருக்கட்டும்.