ஆறு விலகிய தடம்

1943 அக்டோபர் வெள்ளத்தில், கோட்டூரை ஒட்டிய வளைவில், அடையாறு நாற்பது அடி வடக்கே நகர்ந்தது. மீன்கள் நகரவில்லை. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், உடம்பில் ஒற்றைச் சிவப்பு வரி ஓடும் அந்தச் சிறு கெண்டைகள் பழைய தடத்திலேயே, காய்ந்த கூழாங்கற்களுக்கு மேல் இடுப்பளவு உயரத்தில், மேற்கே பார்த்துக் காற்றில் நின்றிருந்தன. அந்த வளைவை விட்டால் ஆற்றில் வேறெங்கும் அவை இருந்ததில்லை. கோட்டூர் முத்தம்மா முறத்தில் நாலைந்தை வாரிக் குழம்புக்குக் கொண்டுபோனாள். தடத்தைத் தாண்டியதும் அவை போன வருஷத்துக் கருவாடாகிவிட்டன. பிறகு யாரும் கை வைக்கவில்லை.

வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்கு ஆற்றோரத்தில் மனை அளந்து கொடுத்தபோது, மீன்கள் நின்ற இடம் தேவானைக்கு விழுந்தது. தை முடிவதற்குள் வீடு எழும்பாவிட்டால் மனை கைமாறும் என்று உத்தரவு. அவளுக்கு அப்போது எட்டு மாதம். மூன்று மாதமாகச் சாக்குப் படுதாவுக்குள் கிடந்தவள், தரை போட முதல் கூடைக் களிமண்ணைக் கொட்டி மெழுகினாள். அதற்கு நேர் மேலே நின்ற நான்கு மீன்கள் புரண்டு விழுந்து செத்தன.

அன்று முழுக்க அவள் களிமண்ணைச் சுரண்டி எடுத்து, கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். அடுத்த இரண்டு நாளும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல் மூடாமல் இருக்க வேண்டும், பழைய கரையில் நின்ற நாவல் மரத்து நிழல் வேண்டும், மேற்கிலிருந்து கிழக்கே வழி அடைபடக் கூடாது. அவற்றுக்கு வேண்டியது அவ்வளவுதான். வடக்கிலும் தெற்கிலும் மட்டும் சுவர் வைத்து, நாவல் மரத்தடியில் ஓலை வேய்ந்தாள். கிண்டி குதிரை லாயத்தில் வேலை பார்த்த அவள் புருஷன் கோதண்டபாணி ஓலை கட்டிக்கொண்டே, "கொயம்பு கொதிக்கிறப்போ எதுனா உள்ளாற குதிச்சா என்னிய கேக்காத" என்றான். அடுப்பு வெளியே போனது.

தை கடைசி நாள் சர்வேயர் ஆம்ப்ரோஸ் சாந்தோமிலிருந்து சைக்கிளில் வந்தார். உள்ளே கோலை நட்டு அளந்தார். மீன்கள் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் நின்றன. வெள்ளத்துக்கு முந்தைய நீர்மட்டமும் அதுதான். அவற்றின் நடுவே கையை நீட்டினார். விரல் சில்லிட்டது, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நாலு சுவர் இல்லாமல் வீடு என்று எழுத முடியாதே அம்மா" என்றார்.

"ரெண்டு செவுரு நான் வெச்சேன் சார். மீதி ரெண்டும் அதுங்க வெச்சிக்கினு கீதுங்க."

ஆம்ப்ரோஸ் திரும்பினார். மேற்கு வாசலில் மீன்கள் தரையிலிருந்து கூரைவரை செதிலோடு செதில் ஒட்டி அடுக்கி நின்றன. கிழக்கிலும் அப்படியே. ஆற்றுக்காற்று உள்ளே வரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி, நான்கு பக்கமும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதினார்.

மாசியில் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. 1944 பதிவேட்டில் தேவானை பேரில் உள்ள வரி இது: கூரை, பனையோலை. தரை, கூழாங்கல். சுவர், நான்கு.