செல் இல்லாத தட்டு

எங்கள் ஆய்வகத்தின் வாசலில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். ‘எங்கள் கண்ணாடியின் மேல் ஸ்டெம் செல்கள் எலும்பாகின்றன’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வருகிற பெரிய மனிதர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்வது எங்கள் இயக்குநரின் வழக்கம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பளிங்கு. தலைக்கு மேலே மின்னும் வழுக்கைக்காக வைத்ததா, தலைக்கு உள்ளே இருப்பதற்காக வைத்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கண்ணாடி என்றதும் ஜன்னலை நினைக்க வேண்டாம். சர்க்கரை போலப் பொடிப்பொடியான மணிகள். எலும்பு உடைந்து இடைவெளி விழுந்த இடத்தில் நிரப்பினால் மெல்லக் கரைந்து, புது எலும்புக்கு இடம் விட்டுப் போய்விடும். இந்த வகைக் கண்ணாடி எத்தனையோ இடங்களில் எத்தனையோ வருடங்களாக நல்லபடியாகத்தான் வேலை செய்கிறது. பளிங்கு அதில் எதையோ கூட்டி எதையோ குறைத்து, ‘நம்முடையது மற்றதைவிட மூன்று மடங்கு’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எது மூன்று மடங்கு என்று கேட்டால் அந்தச் சிவப்பைக் காட்டுவார்.

அந்தச் சிவப்பு என் கைவேலை. பதினாறு வருடமாக செல் அறையில் இருக்கிறேன். மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைக் குழித்தட்டில் கண்ணாடி மணிகளின் மேல் விட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டத் திரவம் மாற்றி, மூன்று வாரம் இன்குபேட்டரில் வளர்த்து, கடைசியில் சாயம் ஊற்றுவேன். சுண்ணாம்புச் சத்து எங்கே படிந்திருக்கிறதோ அங்கே சாயம் சிவக்கும். செல்கள் எலும்பை உண்டாக்கினால் சுண்ணாம்பு படியும். செல் மட்டும் உள்ள தட்டு வெளிறிக் கிடக்கும். செல்லும் கண்ணாடியும் சேர்ந்த தட்டு சிவக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து நான்கு பேர் முனைவர் ஆகிவிட்டார்கள். அதில் மூன்று பேருக்கு இன்றைக்கும் திரவம் உறிஞ்சும் பிப்பெட்டை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது.

இதில் என் தம்பி வந்து மாட்டிக்கொண்டான். சரக்குக் கிடங்கில் இரும்புக் குழாய்கள் சரிந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. இரண்டு ஆபரேஷன் ஆகியும் நடுவில் இரண்டு விரல் அகலம் கூடவில்லை. டாக்டர் இரண்டு வழி சொன்னார். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்புவது ஒன்று. பழைய முறை, கூடுதலாக ஒரு காயம், நல்ல வலி. இல்லாவிட்டால் எங்கள் கண்ணாடி. ஆஸ்பத்திரியும் எங்கள் ஆய்வகமும் சேர்ந்து நோயாளிகளிடம் நடத்தும் சோதனையில் பெயர் கொடுத்தால் போதும். இந்தத் தடவையும் கூடவில்லை என்றால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட வேண்டும்.

தம்பி யோசிக்கவே இல்லை. "அக்கா கையால செஞ்சது. அப்புறம் என்ன?" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

திங்கட்கிழமை காலை நான்கு தட்டுகளை வெளியே எடுத்துச் சாயம் ஊற்றிக் கழுவினேன். ஒன்று வெளிறியிருந்தது, மூன்று நல்ல சிவப்பு. வழக்கம்தானே என்று குறிப்பேட்டில் எழுத உட்கார்ந்தேன். மூடிகளைப் பார்த்தால், சிவந்த மூன்றில் ஒன்றின் மேல் ‘செல் இல்லை’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அப்புறம்தான் நினைவு வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் உறைய வைத்திருந்த செல்களை எடுத்தபோது ஒரு குப்பி முழுக்கச் செத்துப்போயிருந்தது. அதற்கென்று கண்ணாடி மணி போட்டுத் தயாராக வைத்திருந்த தட்டின் மேல் அப்படி எழுதி ஓரமாக வைத்தேன். தூக்கிப் போட மறந்து, பழக்கதோஷத்தில் அதற்கும் திரவம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆளே இல்லாத வீட்டுக்கு மூன்று வாரம் சாப்பாடு கொண்டுபோய் வைத்த கதை.

ஆளில்லாத அந்தத் தட்டு மற்ற இரண்டையும்விட ஒரு பிடி கூடவே சிவந்திருந்தது. காரணத்துக்கு எங்கேயும் போக வேண்டாம். கண்ணாடியிலேயே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. திரவத்தில் ஊறினால் தானாகவே மேலே ஒரு படலம் கட்டிக்கொள்ளும். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிற சங்கதி. அந்தச் சுண்ணாம்பைக் கட்டியது செல்லா கண்ணாடியா என்று சாயத்துக்குத் தெரியாது. இத்தனை வருடமும் செல்கள் பாடுபட்டனவா, சும்மா படுத்துக் கிடந்தனவா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முயல் எலும்பில் வைத்துப் பார்த்தபோதும் ஊற்றியது இதே சாயம்தான்.

தட்டை எடுத்துக்கொண்டு பளிங்கின் அறைக்குப் போனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பிரமாதமா வந்திருக்கே!"

"சார், இதுல செல் இல்ல."

"என்னது?"

"வெறும் கண்ணாடி சார். செல்லே போடல."

தட்டை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படின்னா செல் இல்லாமலே எலும்பு வருது! இது இன்னும் பெரிய விஷயம்மா. தனிக் கட்டுரையே போடலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசணிக்காயைக் காட்டி இதுதான் சோறு என்று பரிமாறுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எலும்பு வரல சார். சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குச் சொல்லி நிறுத்துங்க. வேற மாதிரி சோதிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஆளுங்களுக்கு வைக்கலாம்."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து பழைய செய்முறைக் கோப்பை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"வெறும் கண்ணாடித் தட்டு வேணாம்னு எடுத்தது யாருன்னு பாரும்மா."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய பக்கம். முதலில் மூன்று வகைத் தட்டு எழுதியிருந்தது: செல் மட்டும், இரண்டும் சேர்ந்தது, கண்ணாடி மட்டும். மூன்றாவதன் மேல் ஒரு கோடு. ஓரத்தில், ‘வெறும் கண்ணாடிக்குச் சாயம் எதற்கு? வீண் வேலை.’ எழுத்து என்னுடையது. கீழே பளிங்கு படிக்காமல் போட்ட ஒப்பம். அந்தத் தட்டும் வேண்டும் என்று அப்போது ஒரு மாணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "கல்லுக்கு யாராவது காய்ச்சல் பாப்பாங்களா?" என்று நான் கேட்டதில் செல் அறையே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒன்பது வருடமாக நான் கூடத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதைக் கிளப்பினா உங்க பேருதான் முதல்ல வரும். யோசிச்சுக்குங்க" என்றார் பளிங்கு.

"வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தையும் தட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவமானத்தில் காது மடல் எரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். படங்களை அவருக்கு அனுப்பிவிட்டு வார்டுக்குப் போனேன். தம்பி தலையணையில் சாய்ந்திருந்தான். அவன் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி வேணாம்டா. இடுப்புலேர்ந்தே எடுக்கச் சொல்லிடு."

"ஏங்க்கா, கண்ணாடி கெட்டதா?"

"கெட்டதுன்னு சொல்லல. நல்லதான்னு எங்களுக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கோம்."

"நீயுமா?"

"தப்பை ஆரம்பிச்சதே நான்தான்."

தட்டின் கதையைச் சொன்னேன். ஒளிக்காமல் நான் கிழித்த கோட்டையும் சொன்னேன். தம்பி மனைவி மடித்த துணியை மறுபடி உதறினாள். "இத்தனை நாள் கழிச்சு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா அண்ணி?" என்றாள்.

தம்பி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி, இடுப்பையே எடுத்துக்கட்டும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த கட்டிலைக் கண்ணால் காட்டினான்.

"அக்கா, அவர் காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டாரு. ரெண்டு நாளா பயந்துட்டே இருந்தாரு. நான்தான், எங்க அக்கா செஞ்சது, கண்ணை மூடிட்டுப் போடுங்கன்னு சொன்னேன்."

அடுத்த கட்டிலில் ஐம்பது வயது பஸ் டிரைவர். கால் முழுக்கக் கம்பி. நான் திரும்பியதும் முழங்கையை ஊன்றி நிமிரப் பார்த்தார். "நீங்கதானாம்மா அந்த அக்கா? தம்பி எல்லாம் சொன்னாரு" என்றார். அவர் மனைவி முந்தானையால் ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டாள்.

உட்கார்ந்தேன். உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரு சொல் வைத்திருக்கிற வாய் எனக்கு. அந்த மனிதரிடம் எங்கிருந்து தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை.

"அந்தக் கையெழுத்தை முதல்ல திரும்ப வாங்கிடுங்க" என்றேன். "ஏன்னு சொல்றேன். கேட்டுட்டு என்னைத் திட்டுங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "உங்களை எதுக்கும்மா நான் திட்டப்போறேன்?" என்றார்.