பலகைக்கு இடமில்லாத வாசல்

யூரியான் ஹார்லெமில் காப்பிக்கடை நடத்துகிறான். அந்த ஊரில் காப்பிக்கடை என்றால் கஞ்சா விற்கும் கடை. நல்ல காப்பி வேண்டுகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். விதி என்றால் அவனுக்கு விதிதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம். தலைகீழாக நின்று கெஞ்சினாலும் ஆறாவது கிராமுக்கு அவன் கை நீளாது.

ஐம்பத்தாறு வயதில் அவனுடைய ஆசையெல்லாம் கடைக்கு வெளியேதான் இருந்தது. நடைபாதைக் கல்லைப் பெயர்த்து, சுவரோரம் ஒரு முழ அகல மண்ணில் சீமைத்துத்தி வளர்த்தான். அது ஆள் உயரத்தைத் தாண்டி, கருஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளும்.

அந்தச் சந்தின் அழகான வாசல் தோட்டத்துக்கு வருடத்துக்கு ஒரு பித்தளைப் பலகை கொடுப்பார்கள். பதினோரு வருடமாக அதைத் தட்டிக்கொண்டு போனவள் எதிர்வீட்டு அலெய்டா. பதினொன்றையும் கதவோரம் மாட்டி, ஞாயிறுதோறும் அவன் பார்க்கும்படியாகத் தேய்த்துப் பளபளவென்று வைப்பாள். கல்லாவில் நிற்கும் யூரியானுக்கு வயிறு எரியும்.

இந்த வருடம் பலகை அவனுக்கு. செய்தி வந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி இலவசமாகக் கொடுத்தான். பாதிப் பேர் குடிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் பரிசுக் குழுத் தலைவர் ஹுப்பெர்ட் ஒரு கையில் பலகையும் மறு கையில் ஒயின் பாட்டிலுமாக வந்து சேர்ந்தார். பின்னாலேயே உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரி. வாசல் காவலுக்கு நிற்கும் ரின்ஸ்கே வழியை மறித்தாள்.

"அடையாள அட்டை காட்டுங்க சார்."

"எனக்கு எழுபத்தொண்ணு ஆகுதும்மா!"

"பதினெட்டு ஆயிடுச்சுன்னு அட்டைதான் சொல்லணும். மூஞ்சி சொன்னா செல்லாது."

அட்டை வீட்டில் இருந்தது. யூரியான் உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"சார், முதல்ல அந்த பாட்டிலை ஒளிச்சு வைங்க. இங்க மது ஆகாது."

"சரிப்பா. வெளியிலயே வச்சுக் கொடுத்துடறேன்."

"வெளியில கூட்டமா நிக்கக் கூடாது சார். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவுன்னு எழுதிடுவாங்க."

"உள்ள வரக் கூடாது, வெளிய நிக்கக் கூடாது. பின்ன என்ன, நான் பறக்கட்டுமா?"

இதற்குள் புகைப்படக்காரி கேமராவைத் தூக்கிவிட்டாள். யூரியான் பூக்களுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு பாய்ந்தான்.

"வேணாம்மா! பேப்பர்ல வந்தா விளம்பரம்னு சொல்லுவாங்க. எங்களுக்கு விளம்பரமே கூடாது."

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. போன வருடம் ஜன்னல் வழியே கஞ்சா இலை போட்ட காலண்டர் ஒன்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கே நகராட்சியிலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் கடைக்குப் பூட்டு.

"சரி, பலகையையாவது மாட்டு. சுவத்துல, தெருவுக்குத் தெரியற மாதிரி. அது எங்க விதி" என்றார் ஹுப்பெர்ட்.

யூரியான் பலகையை வாங்கித் தடவிப் பார்த்தான். 'முதல் பரிசு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. காப்பிக்கடைச் சுவரில் இது தொங்கினால் நகராட்சிக்காரன் பூவையா பார்ப்பான்?

"மாட்டலேன்னா?"

"ரெண்டாவதா வந்தவங்களுக்குப் போயிடும்."

இரண்டாவதாக வந்தவள் எதிர்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடுத்துடுங்க" என்றான் யூரியான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை பட்டுவிட்டது என்று ரின்ஸ்கேயிடம் சொன்னான். வாசலில் ஒரு புகையும் இல்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது அலெய்டா தன் வீட்டு வாசலில் ஏணிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது. ஆனால் மற்ற பதினொன்றோடு அதைச் சேர்க்கவில்லை. தனியே தள்ளி, அவன் கல்லாவுக்கு நேர் எதிரே மாட்டினாள். அதன் கீழே தன் கையெழுத்தில் ஒரு சீட்டும் ஒட்டினாள்: 'இது என்னுடையது அல்ல.'

போகிறவர்கள் பலகையைப் படித்தார்கள், சீட்டைப் படித்தார்கள், பின்னே யாருடையது என்று திரும்பினார்கள். திரும்பினால் சீமைத்துத்தி. புதன்கிழமை நகராட்சி அதிகாரி வந்தார். அவரும் படித்தார், அவரும் திரும்பினார். பூக்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். யூரியானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பதினோரு வருட வயிற்றெரிச்சல் அன்றோடு அடங்கியது.

அன்று பிற்பகல் அலெய்டா தெருவைக் கடந்து வந்தாள். அந்தக் கடைக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. ரின்ஸ்கே வாயைத் திறப்பதற்குள் அட்டையை அவள் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு, நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிச்சுடாதே. அடுத்தவன் பரிசை என்னுதுன்னு மாட்டிக்க எனக்கு என்ன தலையெழுத்தா? அந்தக் கருஞ்சிவப்பு விதை வேணும். அடுத்த வருஷம் உன்னை மண்ணைக் கவ்வ வைக்கிறேன் பாரு."

"எவ்வளவு வேணும்க்கா?"

"ஒரு பை நிறையக் கொடு."

யூரியான் விதை டப்பாவை இறக்கினான். வாடிக்கையாளர்களுக்கு நிறுக்கும் அதே தராசில் விதையைக் கொட்டி, உன்னிப்பாகப் பார்த்து, ஒன்றிரண்டை எடுத்துவிட்டு டப்பாவை மூடினான்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கிராம்தான்க்கா. நாளைக்கு வாங்க."

அலெய்டா அவனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

மறுநாளும் வந்தாள், அட்டையோடு.