ஸ்பிரிங்குக்கு வலியில்லை

அன்று சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள்:

அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அத்தான். லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறும் போன் வந்தால் ஓடவேண்டும்.

ஷட்டில் கோச். பதில் வாங்கிப்போக வந்தவர். நாற்காலியின் நுனியில்.

அக்கா மகள். எட்டு வயது. கோச் வைத்த பட்டப்பெயர் ஸ்பிரிங். இப்போது வீட்டிலும் அதுதான்.

நான். அக்காவின் தம்பி. [இவனைப் பற்றிப் பிறகு. அதிகம் இல்லை.]

1

இந்தக் கதையை எழுத எனக்கு அனுமதி கிடையாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு எட்டு வயதுக்காரி கேட்டுக்கொண்ட விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். எழுதுவதும் சொல்வதுதான். ஆகவே முதல் பத்தியிலேயே காரியம் கெட்டுவிட்டது. நீங்கள் கூச்சமில்லாமல் மேலே படிக்கலாம்.

பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இதைத்தான் கேட்பவர்களிடம் ‘வேலையை விட்டுட்டேன்’ என்று சொல்கிறேன். வேலை போனது, தூக்கம் திரும்பி வரவில்லை. அக்கா வீட்டு ஹாலில் படுத்திருக்கிறேன். விடியும் முன்பே விழித்திருக்கும் பெரிய ஆள் நான் ஒருவன் என்பதால், ஸ்பிரிங்கை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. தகுதி பார்த்துக் கொடுத்த வேலை இல்லை அது.

2

தொடங்கிப் பார்த்தவை:

‘காலைச் சூரியனின் முதல் கதிர் நீச்சல் குளத்தின்மேல்’

இல்லை. நாங்கள் போகும் நேரத்தில் சூரியன் கிடையாது. குளோரின் வாடை, ட்யூப்லைட், ஈரத் தரையில் வழுக்காமல் நடக்கும் பெற்றோர்கள். அவ்வளவுதான்.

‘தன் நிறைவேறாத கனவை மகளின் முதுகில் ஏற்றிவைத்த ஒரு தகப்பன்’

எழுத வசதியான வாக்கியம். அத்தானை இதற்குள் திணிக்க ஒரு வாரம் முயன்றேன். மனிதர் வாழ்க்கையில் மட்டையைக் கையில் பிடித்ததில்லை. ஆட்டத்தின் விதிகளே அவருக்கு ஸ்பிரிங் சொல்லிக்கொடுத்ததுதான். நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவர். தன் வீட்டில் ஒருத்திக்கு ஏதோ ஒன்று நன்றாக வருகிறது என்பதில் அவருக்கு ஒரு திகைப்பு. அந்தத் திகைப்பு தீராமல்தான் கிரீஸ் படிந்த சட்டையோடு கோர்ட் ஓரத்தில் வந்து உட்காருவார். இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

‘விசிலை வாயிலிருந்து எடுக்காத கொடுமைக்கார கோச்’

இதுவும் இல்லை. இந்த கோச் குழந்தைகளை அதட்டி நான் பார்த்ததில்லை. அவருடைய கோர்ட்டில் ஒரு விதி உண்டு: வலித்தால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். நல்ல விதி. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் போட்டார். அந்த விதியிலிருந்துதான் இந்தக் கதையே கிளம்புகிறது என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

வில்லன் இல்லாமல் ஒரு குழந்தைக்கு எப்படி அடிபடும் என்று நீங்கள் கேட்கலாம். படும். நல்லவர்கள் மூன்று பேர் போதும்.

3

மூன்று பேர் கணக்கு இது.

நீச்சல் அக்காவின் ஏற்பாடு. ஸ்பிரிங்குக்குச் சின்ன வயதில் மூச்சு இளைப்பு இருந்தது. நீந்தினால் நுரையீரல் பலப்படும் என்றார்கள். பலப்பட்டது. இளைப்பு போன பிறகும் நீச்சல் போகவில்லை.

ஷட்டில் அத்தானின் ஏற்பாடு. கோடை லீவில் சும்மா இருக்கிறாளே என்று சேர்த்தார். லீவு முடிந்தது.

ஓட்டம் பள்ளிக்கூடத்தின் ஏற்பாடு. ஒருநாள் இடைவேளையில் அவள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் துரத்திப் பிடிப்பதைப் பி.டி. டீச்சர் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் மைதானம்.

காலையில் கூட்டிப்போகிறவனுக்கு மதியம் தெரியாது. மதியம் ஓடவைக்கிறவருக்குச் சாயங்காலம் தெரியாது. சாயங்காலம் கூட்டிவருகிறவர் வீட்டுக்கு வரும்போது அக்கா ஊசிகளையும் ரத்தக் குழாய்களையும் பார்த்துக் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் கிடப்பாள். எங்கள் வீட்டில் ஒருவர் தட்டைக் கழுவும்போது இன்னொருவர் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொருவருக்கும் தன் பங்கு மட்டும்தான் தெரியும். தன் பங்கு எப்போதும் கொஞ்சமாகத்தான் தெரியும்.

[கட்டுரை மாதிரி ஒரு பத்தி. பிடிக்காதவர்கள் தாண்டிப்போகலாம்.] பிள்ளைக்கு எவ்வளவு விளையாட்டு அதிகம் என்று கேட்பவர்கள் மணிக்கணக்கைக் கேட்கிறார்கள். தெருவில் தானாக விளையாடும் பிள்ளை கால் வலித்தால் படிக்கட்டில் உட்கார்ந்துவிடும். யாரும் கேட்கப்போவதில்லை. பையை மாட்டி, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, வண்டியில் ஏற்றி, நேரத்துக்கு இறக்கிவிட்டோமென்றால் அதே பிள்ளை உட்காருவதற்கு நாலு பேரின் அனுமதி வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து எட்டு வயதில் யாரும் அனுமதி கேட்டு உட்காருவதில்லை. ஆடிவிட்டுப் போய்விடுவார்கள்.

4

ஒரு விடியலில் நான் ஹாலில் படுத்திருந்தேன். ஸ்பிரிங் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள். விளக்கைப் போடவில்லை. நான் தூங்குவதாக நினைத்திருக்கிறாள். முன்பாதத்தை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். குதிகால் தரையில் படவே இல்லை.

“என்ன, பூனை மாதிரி நடக்கிறே?”

திடுக்கிட்டு நின்றாள். அடுத்த நொடி இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதிந்தன. “பூனை நாலு கால்ல நடக்கும் மாமா.”

“நீ எத்தனை கால்ல நடக்கிறே?”

குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“கொஞ்சூண்டு.”

“எப்பலேருந்து?”

“காலாண்டு லீவுக்கு முன்னாடிலேருந்து. ஆனா ஓட ஆரம்பிச்சா போயிடும். அப்புறம் ராத்திரிதான் வரும். காலையில எந்திரிச்சா இருக்கும்.”

“அம்மாகிட்ட சொல்லலியா?”

“ஷூ கடிக்குதுன்னு சொன்னேன். தைலம் தேச்சாங்க.”

“அப்பாகிட்ட?”

“கல்லு குத்திடுச்சுன்னு சொன்னேன். ஸ்பிரே அடிச்சாங்க. ஜில்லுனு இருந்துச்சு.”

“கோச்கிட்ட?”

என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “சார்கிட்ட சொன்னா உட்கார வெச்சிடுவாரு.”

“உட்காரேன். என்ன கெட்டுப்போச்சு? நான் உட்காந்துதானே இருக்கேன்.”

“நீ எப்பவுமே உட்காந்துதான் இருக்கே. எனக்கு போர் அடிக்கும்.”

தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அருகில் வந்தாள். “யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்கிட்ட ஏன் சொன்னேன்னா, நீதான் யார்கிட்டயும் எதுவுமே பேச மாட்டியே.”

அன்றைக்கும் அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். தண்ணீருக்குள் கால் வலிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே வலித்திருக்காது. குளத்திலிருந்து ஏணியில் ஏறி வெளியே வந்த முதல் அடியில் அவள் உதட்டைக் கடித்ததை நான் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை எழுத வேண்டியிருந்திருக்காது.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பெண் இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுவாளா? படிப்பவர்கள் நம்புவார்களா? இவளைக் கொஞ்சம் அப்பாவியாக்கி, கண்ணில் ஈரம் சேர்த்தால்

வேண்டாம். ஆளுக்கொரு பொய்யைச் சரியாகப் பிரித்துக்கொடுக்கிற பிள்ளை அவள். மூன்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை என்பது வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. சாமர்த்தியத்தை அவளுக்குக் கொடுத்தது நானில்லை, எங்கள் வேலை நேரங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. ஒரு சாயங்காலம் அத்தானுக்குப் பதிலாக நான் கோர்ட்டுக்குப் போனேன். அவள் எம்பி அடிப்பதைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கவனம். மொத்த உடம்பும் ஒரே ஒரு காரியத்தில் இருந்தது. நான் என் வாழ்நாளில் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. கிடங்கில் ‘கவனம், உடையும்’ என்று ஒட்டிய பெட்டிகளைக்கூட மற்றவற்றோடு சேர்த்துத்தான் எறிந்துகொண்டிருந்தேன். அவளிடமிருந்து அதைப் பிடுங்கச் சொல்கிற உரிமை எனக்கு எங்கிருந்து வரும்?

6

மேஜைக்கு வருவோம்.

“புது பேட்ச்ல நாலு நாள் சார்,” என்றார் கோச். “ரெண்டு ரெண்டு மணி நேரம். நாளைக்கே ஆரம்பிக்கலாம். நான் எல்லாப் பேரன்ட்ஸ்கிட்டயும் சொல்றதுதான், வயசு எத்தனையோ வாரத்துக்கு அத்தனை மணி நேரம். எட்டு வயசுன்னா எட்டு. அதுக்கு மேல நான் ஆட விடமாட்டேன்.”

“சரியா சொன்னீங்க,” என்றார் அத்தான். “எதுலயும் அளவு வேணும்.”

“வேற எங்கயும் ஆடலியே?”

“இல்ல,” என்றார்கள் அக்காவும் அத்தானும் ஒரே குரலில். இருவரும் பொய் சொல்லவில்லை.

கோச் ஸ்பிரிங்கின் முகத்தைப் பார்த்தார். “கண்ணைச் சுத்தி என்னம்மா வளையம்?”

“அது நீச்சல் கண்ணாடி அழுத்தினது சார்,” என்றாள் அக்கா. “மூச்சுக்காக விடறோம். தினமும் காலையில. மருந்து மாதிரி.”

“தினமுமா?”

“அது விளையாட்டுல சேராது சார்,” என்று அத்தான் உதவிக்கு வந்தார். “குளிக்கிற கணக்கு.”

“குளிக்கிற கணக்கா? நீங்க போய் இருபது ரவுண்டு குளிச்சிட்டு வாங்களேன் பார்க்கலாம்!” என்று அக்கா அவர்மேல் பாய்ந்தாள்.

“உனக்கு சப்போர்ட்டாத்தானே சொன்னேன்?”

“ஒண்ணும் வேணாம். ஸ்கூல்ல வேற ஓடறா. அதை எந்தக் கணக்குல வைப்பீங்க?”

“அது ஸ்கூலு!”

“ஸ்கூல்ல ஓடினா காலு ஓடாதா?”

கோச் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “ஸ்கூல்ல ஓடறாளா?” விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டாவது கையும் தீர்ந்தபோது நிறுத்திக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. ஸ்பிரிங்கின் பக்கம் திரும்பினார்.

“எங்கயாவது வலி இருக்கா கண்ணு?”

“இல்ல சார்.”

“எந்திரிச்சுக் குதி, பார்ப்போம்.”

எழுந்து குதித்தாள். முன்பாதத்தில் இறங்கியிருக்கலாம், வலித்திருக்காது. அவள் வேண்டுமென்றே இரண்டு குதிகாலையும் தரையில் அறைந்து இறங்கினாள். இறங்கிச் சிரித்தாள். அத்தான் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா சார்?” என்றாள் அக்கா. அப்பாடா என்றிருந்தது எல்லோருக்கும்.

கோச் என்னைப் பார்த்தார். “நீங்க என்ன சார் சொல்றீங்க? நீங்கதானே காலையில கூட்டிட்டுப் போறீங்க?”

7

பேனாவை இங்கே வைத்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. சோம்பேறித்தனம் பாதி. மீதி, என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன, மூன்றும் பிடிக்கவில்லை.

முதலாவதில் நான் வாயைத் திறப்பதில்லை. வலி தானாகச் சரியாகிவிடுகிறது. வருடங்கள் ஓடுகின்றன. ஒரு மேடையில், அவள் கழுத்தில்

நிறுத்து. நான் வாயை மூடியதை நியாயப்படுத்த அவள் பதக்கம் வாங்க வேண்டுமா?

இரண்டாவதில் அவள் கோர்ட்டில் சுருண்டு விழுகிறாள். ஆஸ்பத்திரி. பெரியவர்கள் அழுகிறார்கள், திருந்துகிறார்கள். இந்த மாதிரிக் கதைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். விழுவது பிள்ளை, புத்தி வருவது நமக்கு. அந்தப் புத்தி இல்லாமலே இருந்துவிடலாம்.

மூன்றாவதில் அவளே எழுந்து சொல்கிறாள்: எனக்கு வலிக்குது. இது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். கோச் என்னிடம் கேட்ட பிறகு நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். தட்டின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டு, அவள் சொல்லப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தபடியே காத்திருந்தேன்.*

* கதை எழுதுகிறவனுக்கு இதுதான் சௌகரியம். பாத்திரமே வாயைத் திறந்துவிட்டால் இவன் கை சுத்தம்.

8

நடந்தது இது.

“அவளுக்கு வலிக்குது,” என்றேன்.

“என்ன மாப்ள உளர்றே?” என்றார் அத்தான். “இப்பதானே குதிச்சா?”

“ரெண்டு குதிகாலும். காலாண்டு லீவுக்கு முன்னாடிலேருந்து. ஷூவும் கடிக்கல, கல்லும் குத்தல.”

“கல்லா?” என்றாள் அக்கா. “எந்தக் கல்லு?”

“ஷூவா? எந்த ஷூ?” என்றார் அத்தான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மேடம்,” என்றார் கோச் மெதுவாக. “குதிகாலோட ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்திப் பாருங்க. பைய.”

அக்கா தரையில் உட்கார்ந்து மகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தினமும் ஊரார் கையில் நரம்பு தேடுகிற விரல்கள். அழுத்தினாள். ஸ்பிரிங்கின் ஐந்து கால்விரல்களும் உள்ளே சுருண்டன. அக்கா கையை எடுத்துவிட்டாள். அடுத்த காலைத் தொடவில்லை.

“எலும்பு வளர்ற இடம்,” என்றார் கோச். “ஓய்வு குடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் என் கோர்ட்டுக்கு வேணாம்.”

“அதுவரைக்கும்னா எதுவரைக்கும் சார்?” என்று கேட்டாள் ஸ்பிரிங்.

யாருக்கும் தெரியவில்லை. தெரியாததை மறைக்கப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். “ஓட்டத்தை நிறுத்திட்டு ஷட்டிலை மட்டும் பாதியா...” என்றார் அத்தான். “நீச்சல்ல காலுக்கு வேலை இல்லையே...” என்றாள் அக்கா. “முதல்ல ஸ்கூலுக்குச் சொல்லுங்க,” என்றார் கோச். இதைக் கொஞ்சம் வெட்டு, அதைக் கொஞ்சம் வை. துணி தைப்பதுபோல அவள் தலைக்கு மேலே அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது உங்களுக்கு. உட்கார்ந்து சொல்லுங்கள், எதை நிறுத்தலாம், எவ்வளவு நாள், அவளிடம் யார் கேட்பது. எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை நான் சொல்லிவிட்டேன். இனிமேல் என்னிடம் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை, ஆகவே இதற்கு மேல் எனக்குக் கதையும் தெரியாது.

ஸ்பிரிங் நாற்காலியிலிருந்து இறங்கினாள். அழவில்லை. என்னைத் தாண்டித்தான் அறைக்குப் போக வேண்டும். நான் காலை மடக்கி வழிவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. இதுவரை யார் முன்னாலும் செய்யாததைச் செய்தாள்: எல்லோரும் பார்க்க, சுவரைப் பிடித்துக்கொண்டு, நன்றாக நொண்டி நொண்டி நடந்தாள். மேஜையில் பேச்சு நின்றது. அவ்வளவு தூரம் அந்த ஹால் நீளும் என்று எனக்குத் தெரியாது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.