இலையின் மேல் பழி

பிஸ்கட் கம்பெனியில் அவனை எல்லோரும் 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். ருசி பார்ப்பதுதான் அவன் வேலை. வாய்க்குச் சம்பளம் வாங்குகிறான் என்று கேலி செய்வார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று மதியம் ஆய்வகத்து அம்மா ஒரு புது மிட்டாயைக் கொடுத்தார்.

"சிறுகுறிஞ்சான் கொடியோட இலையிலேருந்து எடுத்தது. ஜிம்னமிக் அமிலம்னு பேரு. நாக்குல இனிப்பை மட்டும் மறைச்சிடும். ஒரு மணி நேரத்துக்கு வேற எதையும் ருசி பாத்துச் சொல்லிடாதீங்க."

கசப்பைச் சப்பிக்கொண்டே தலையாட்டினான். அவன் நாக்காவது, ஏமாறுவதாவது! ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டான்.

பத்து நிமிடத்தில் கம்பெனி வாசலுக்கு அக்கா வந்தாள், கையில் கேக் டப்பாவோடு. அவள் இருபது வருடம் வேலை பார்த்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். ஆறு மாதமாகக் கேக் செய்து பழகிக்கொண்டிருந்தாள். காபிக்கடைக்காரர் ஒருவர் அன்று இரண்டு மணிக்கு மாதிரிக்கு ஒரு கேக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் தினமும் அவளிடமே வாங்குவாராம்.

"ஒரு வாய் பாத்துச் சொல்லுடா. நீ சொன்னாத்தான் எனக்குத் தைரியம்."

வாயில் போட்டான். இனிப்பே இல்லை, ஈர மண்ணைத் தின்பது போலிருந்தது. வாசல் காவலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நாக்கின் பெருமையைக் காட்ட வேண்டாமா?

"சர்க்கரை போட்டியா, மறந்துட்டியா? இதைக் கொண்டுபோனா என் மானம்தான் போகும். உனக்கெதுக்குக்கா இந்த வேலை? பேசாம வீட்டுல இரு."

அக்கா டப்பாவை மூடி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்டாள். டப்பாவோடு திரும்பி நடந்தாள்.

உள்ளே வந்து டீயை வாயில் வைத்தான். சர்க்கரையே போடாத கசப்பு. இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டும் அதே கதைதான். அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. போன் அடித்தான், அவள் எடுக்கவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு காபிக்கடைக்கு ஓடினான்.

"அப்படி யாரும் வரலையே. இப்பதான் வேற ஆளுக்குச் சொல்லி முடிச்சோம்" என்றார் கடைக்காரர்.

அக்கா வீட்டில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கேக் டப்பாவோடு குப்பைக் கூடையில் கிடந்தது. குனிந்து, டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டான். நாக்கு திரும்பியிருந்தது. அளவான இனிப்பு, கம்பெனியில் யார் செய்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பான். அடுப்படியில் நின்றிருந்த அக்காவிடம் ஓடினான். மிட்டாய், கொடி, அமிலம் என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினான்.

"நான் சொல்லலக்கா, அந்த இலை பண்ண வேலை. சத்தியமா கேக் பிரமாதம்."

அக்கா தட்டைத் துடைத்து அடுக்கினாள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இனிப்பு தெரியாமப் போனது இலையாலன்னே வெச்சுக்குவோம். 'உனக்கெதுக்குக்கா இந்த வேலை'ன்னு கேட்டியே, அது எந்த இலைடா?"